தென்மாநில ராப் பாடல்களில் வரும் தெரு வாழ்க்கை வெறும் வீறாப்புதானா?

ஹியூஸ்டன், மெம்ஃபிஸ், நியூ ஆர்லியன்ஸ், அட்லாண்டா ஆகிய நகரங்களிலிருந்து வரும் ராப் பாடல்களில் எந்நேரமும் போதைப்பொருள் விற்பனை, துப்பாக்கி, கார், பணம் ஆகியவைதாம் பேசப்படுகின்றன; இவற்றுக்குள் ஒரு மனிதனின் சொந்தப் போராட்டம் என்று சொல்லத்தக்கது ஏதேனும் இருக்கிறதா, அல்லது எல்லாம் வீறாப்புதானா என்பது கேள்வி. வீறாப்பு இருக்கிறது, மிகுதியாகவே இருக்கிறது. அதை மறுப்பதில் பயனில்லை. ஆயினும் அமெரிக்காவின் தென்மாநிலங்கள் ஹிப்-ஹாப்புக்குத் தந்த தனிக்கொடை எதுவென்று என்னைக் கேட்டால், தெருவில் சம்பாதிப்பவனின் பயத்தையும் குற்றவுணர்வையும், அவன் தன் பணத்தைப் பற்றிப் பெருமை பேசும் அதே பாட்டுக்குள் கொண்டுவந்து வைத்ததுதான் என்பேன். நியூயார்க்கின் பழைய ராப்பில் சொல்வன்மை முதலிடம் பெற்றது. லாஸ் ஏஞ்சல்ஸில் காவல்துறையின் மீதான சினம் முதலிடம் பெற்றது. ஹியூஸ்டனில் பாடுகிறவன் தன்னையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டான். விதிவிலக்குகளை எவரும் எளிதில் அடுக்கிவிடலாம் என்றாலும், மொத்தமாகப் பார்க்கும்போது இந்த வேறுபாடு நிற்கிறது என்றே நான் கருதுகிறேன்.

ஹியூஸ்டனிலிருந்து தொடங்குவதே முறை. அந்நகரின் பழைய வார்டுகள் நிர்வாகப் பிரிவுகளாக மறைந்து நெடுங்காலமான பின்னும் மக்கள் வாயில் அப்படியே வழங்குகின்றன. அவற்றுள் ஐந்தாம் வார்டு, அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் குடியேறிய பகுதி. கடைகளும் தேவாலயங்களும் இசைக்கூடங்களுமாக வாழ்ந்த அந்தப் பகுதியை 1960-களை ஒட்டிப் போடப்பட்ட நெடுஞ்சாலைகள் கூறுபோட்டன. 1980-களில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது ஹியூஸ்டன் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகளை இழந்தது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் புகைத்து உட்கொள்ளும் மலிவான கொக்கைன் வகையான கிராக் அங்கே வந்து சேர்ந்தது. 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், 5 கிராம் கிராக் வைத்திருந்து விற்பவனுக்கும் 500 கிராம் தூள் கொக்கைன் விற்பவனுக்கும் ஒரே ஐந்தாண்டுக் கட்டாயச் சிறையை விதித்தது. இந்த விகிதம் 2010 வரை மாறாமல் இருந்தது. கிராக் விற்றுப் பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர்கள் என்பதால், சட்டைப்பையில் கிடக்கும் ஒரு சிறு பொட்டலம் ஒருவனுடைய இளமையின் ஐந்து ஆண்டுகளுக்கு ஈடானது. கூட்டாளி காட்டிக்கொடுத்துவிடுவானா, பின்னால் வரும் கார் யாருடையது, கதவைத் தட்டுவது யார் என்று அந்தப் பாடல்களில் ஓயாமல் எழும் கேள்விகளை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் கேட்க வேண்டும்.

ஐந்தாம் வார்டில் வளர்ந்து, பழைய கார்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்த ஜேம்ஸ் பிரின்ஸ் என்பவர், தம் தம்பியைத் தெருவிலிருந்து விலக்கி வைக்கும் நோக்கத்தோடு 1980-களின் நடுவில் ராப்-எ-லாட் என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதன்மைக் குழுவான கெட்டோ பாய்ஸ் 1991-இல் வெளியிட்ட ‘மைண்ட் பிளேயிங் ட்ரிக்ஸ் ஆன் மீ’ என்ற பாட்டை, இந்தக் கேள்விக்கான விடையின் மையமாக நான் வைக்கிறேன். ஸ்கார்ஃபேஸ், வில்லி டி, புஷ்விக் பில் என்ற மூவரும் அதில் மாறி மாறிப் பாடுகிறார்கள். முதற்பகுதியில் ஸ்கார்ஃபேஸுக்கு இரவில் உறக்கம் வருவதில்லை. துப்பாக்கியின் விசையில் விரலை வைத்தபடி படுத்திருக்கிறான். கண்ணை மூடினால் யாரோ ஒருவன் தெரிகிறான். அவன் அணிந்திருக்கும் கறுப்புத் தொப்பியும் உடையும் கைத்தடியும் தன்னுடையவற்றைப் போலவே இருக்கின்றன என்பதைக் கவனிக்கிறான். அடுத்து வில்லி டி, பெரிய கார்களும் பெரும்பணமும் தன்னிடம் இருப்பதைச் சொல்லித்தான் தொடங்குகிறான்; ஆனால் இரண்டே வரிகளில் கண்ணாடியில் தெரியும் விளக்குகளைப் பார்த்துப் பதறுகிறான். முன்பு தான் சுட்டவனா, துரத்தியடித்தவனா, கொக்கைன் என்று சொல்லி மாவை விற்று ஏமாற்றியவனா என்று தன் குற்றங்களை ஒவ்வொன்றாக அவன் எண்ணிப் பார்ப்பது பகைவர்களின் பட்டியலாகத் தொடங்கிப் பாவங்களின் பட்டியலாக முடிகிறது. இறங்கிப் போய்ப் பார்த்தால் அந்தக் காரில் இருப்பவர்கள் தள்ளாத முதியவர்கள். இறுதிப் பகுதியில் புஷ்விக் பில், ஹாலோவீன் இரவில் குழந்தைகளின் மிட்டாய்ப் பைகளைப் பறித்துக்கொண்டிருக்கையில் எதிர்ப்பட்ட பேருருவத்தை அடித்து வீழ்த்துவதாகச் சொல்லி, கடைசியில் தன் கைகள் சிமெண்டுத் தரையைக் குத்தி இரத்தம் வடிவதையும், அன்று ஹாலோவீனே இல்லை என்பதையும் உணர்கிறான்.

இவற்றுக்கு இடையில் வரும் மூன்றாம் பகுதிதான் மிகவும் கடினமானது. மீண்டும் ஸ்கார்ஃபேஸ் வருகிறார், கை நடுங்குகிறது, ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் போய் மன்னிப்பு வேண்டுகிறார், காரை ஓட்டும்போது தற்கொலை எண்ணம் வருகிறது, தனக்கு ஒரு சிறு மகன் இருக்கிறான் என்ற நினைவே அவரைத் தடுக்கிறது. துப்பாக்கியும் பணமும் ஆண்மையின் அடையாளமாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த ஓர் இசையில், அத்துறையின் மிகக் கடுமையான குழுவிலிருந்து ஒருவன் வந்து, எனக்கு மனம் சரியில்லை, செத்துவிடத் தோன்றுகிறது என்று சொல்வது அன்று எளிய செயலாக இருந்திருக்காது. ஆனாலும் அந்தப் பாட்டு அமெரிக்காவின் பொதுப் பாடல் வரிசையில் 23-ஆம் இடம் வரை ஏறியது. அது வாக்குமூலம் போல் ஒலித்ததற்குக் காரணம் உண்டு: பிராட் ஜோர்டன் என்ற இயற்பெயர் கொண்ட ஸ்கார்ஃபேஸ், சிறுவயதிலேயே மனச்சோர்வால் பாதிக்கப்பட்டுத் தற்கொலைக்கு முயன்று, மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருந்தவர், பிற்காலத்தில் அதை ஒளிக்காமல் எழுதியும் பேசியும் இருக்கிறார். புஷ்விக் பில்லும் அதே 1991-இல் துப்பாக்கிச் சூட்டில் ஒரு கண்ணை இழந்தார். மருத்துவமனைத் தள்ளுவண்டியில் அவரை வைத்து எடுத்த படத்தையே ஆல்பத்தின் அட்டையாகப் போட்டார்கள். அதில் தமக்கு உடன்பாடில்லை என்று அவர் பின்னாளில் வருந்தினார். வலியை வாக்குமூலமாகச் சொல்வதற்கும் அதைச் சரக்காக விற்பதற்கும் இடையிலுள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு அந்த அட்டையை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

இசையும் இதற்கு உடந்தை. அந்தப் பாட்டின் அடியில் ஓடும் கிட்டார், மெம்ஃபிஸ் நகரத்து ஐசக் ஹேய்ஸ் 1974-இல் ஒரு திரைப்படத்துக்காக அமைத்த இசையிலிருந்து எடுத்தது. நியூயார்க்கின் தயாரிப்பாளர்கள் பழைய ஃபங்க் இசையின் முரசடியை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், தென்மாநிலத்தார் பெற்றோர் வீட்டில் ஒலித்த சோல், ப்ளூஸ், தேவாலய ஆர்கன் ஆகியவற்றின் சாயலை விடாமல் வைத்துக்கொண்டார்கள். குற்றமும் இரங்கலும் மன்னிப்பும் அந்த இசை மரபுக்குப் பழக்கமான பொருள்கள் என்பதால், தெருக்கதை அங்கே இயல்பாகவே மன்றாட்டாக மாறியது. ஸ்கார்ஃபேஸ் 1994-இல் ‘தி டயரி’ என்ற ஆல்பத்தில் பாடிய ‘ஐ சீன் எ மேன் டை’, ஏழாண்டுச் சிறைக்குப் பின் வெளியே வந்து திருந்தி வாழ நினைக்கும் ஒருவன் மீண்டும் துப்பாக்கிக்கே பலியாவதைச் சொல்கிறது. சாகிறவனை நோக்கி, பயப்படாமல் போ என்று பேசுகிறவரின் குரலில் அது முடிகிறது. கொன்றவன் யார் என்பதில் பாட்டுக்கு அக்கறையே இல்லை.

ஹியூஸ்டனுக்குக் கிழக்கே, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் நடுவில் இருக்கும் போர்ட் ஆர்தர் என்ற சிற்றூரிலிருந்து வந்த யூஜிகே இரட்டையர், பிம்ப் சி-யும் பன் பி-யும், இந்த வழியை இன்னும் ஆழப்படுத்தினார்கள். ஊரைச் சுற்றி எண்ணெய் ஆலைகள் புகைந்துகொண்டிருந்தும், அங்கே நிலையான வேலை எல்லார்க்கும் கிடைப்பதில்லை என்ற நிலை அவர்களுடைய பாடல்களில் பின்னணியாக இருந்துகொண்டே இருக்கிறது. ட்ரம்பெட் வாசிப்பவரின் மகனாகப் பிறந்து, பள்ளியில் முறையாக இசை பயின்று சேர்ந்திசைக் குழுவில் பாடிய பிம்ப் சி, தம் பாடல்களை ‘கிராமத்து ராப்’ என்ற பொருளில் அழைத்துக்கொண்டார். 1996-இல் வந்த ‘ரைடின் டர்ட்டி’ ஆல்பத்தின் தொடக்கத்தில் இருக்கும் ‘ஒன் டே’ என்ற பாட்டில், இன்று இருப்பவன் நாளை இல்லை என்பதே பல்லவி. அதில் பிம்ப் சி, வீடு தீப்பற்றியதில் தம் நண்பரின் குழந்தை இறந்துபோனதைச் சொல்லி, கொலைகாரர்களை எல்லாம் வாழவிட்டு இந்தப் பிள்ளையை ஏன் எடுத்துக்கொண்டாய் என்று கடவுளிடம் கேட்கிறார். தெருவின் வன்முறைக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு மரணத்தைக் கொண்டுவந்து, தெருவில் தப்பிப் பிழைத்திருப்பவர்களின் பக்கத்தில் நிறுத்தும் அந்த வரி, தம்மையும் அந்தத் தப்பிப் பிழைத்தவர்களின் வரிசையில் சேர்த்துப் பேசுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பிம்ப் சி 2002-இல் சிறைக்குப் போய் 2005 டிசம்பர் இறுதியில் வெளியே வந்தார். இடைப்பட்ட காலத்தில் பன் பி தாம் பாடிய இடத்திலெல்லாம் நண்பரை விடுவிக்கச் சொல்லிக் குரல் கொடுத்து, குழுவின் பெயரைத் தனியாளாகக் காத்தார். 2007-இல் அவர்களுடைய ஆல்பம் நாட்டின் முதலிடத்துக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று பிம்ப் சி இறந்துகிடந்தார். கோடீன் கலந்த இருமல் மருந்தும் உறக்கத்தில் மூச்சுத்திணறும் நோயும் சேர்ந்தே காரணம் எனப் பரிசோதனையில் தெரிந்தது.

போதைக்காகக் குடிக்கப்பட்ட இந்தக் கோடீனைப் பற்றிப் பேசினால் டிஜே ஸ்க்ரூவை விட முடியாது. ஸ்மித்வில் என்ற சிற்றூரில் பிறந்து ஹியூஸ்டனின் தெற்குப் பகுதியில் வாழ்ந்த ராபர்ட் ஏர்ல் டேவிஸ் என்ற ஸ்க்ரூ, 1990-களில் பாடல்களை வேகம் குறைத்து, குரல்கள் அடித்தொண்டையில் இழுபடும்படி கேசட்டுகளில் பதிவுசெய்து தம் வீட்டிலிருந்தே விற்றார்; அவற்றை வாங்க வாசலில் கார்கள் வரிசை கட்டி நின்றன. அந்தக் கேசட்டுகளில் அக்கம்பக்கத்து இளைஞர்கள் எழுதி வைக்காமல், வாய்க்கு வந்ததை வந்தபடி பாடினார்கள். இறந்த நண்பர்களின் பெயர்களும் சிறையிலிருப்பவர்களுக்கான வாழ்த்துகளும் தெருப்பெயர்களும் அதில் கலந்து வரும். 2020-இல் மினியாபொலிஸில் காவலர் ஒருவரின் முழங்காலின் கீழ் உயிரிழந்த ஜார்ஜ் ஃபிளாய்டும், மூன்றாம் வார்டைச் சேர்ந்த இளைஞராக ‘பிக் ஃபிளாய்ட்’ என்ற பெயரில் இந்தக் கேசட்டுகளில் பாடியவர். ஸ்க்ரூ 2000 நவம்பரில் 29 வயதில் தம் ஒலிக்கூடத்திலேயே இறந்தார். அதற்கும் கோடீனே முதன்மைக் காரணம். அவருடைய குழுவின் ஃபேட் பாட் 1998-இலும், ஃபேட் பாட்டின் அண்ணன் பிக் ஹாக் 2006-இலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பாட்டில் பெருமையாகச் சொல்லப்பட்ட பொருளே பாடியவர்களைக் கொன்றது என்பதால், அந்த இசையின் மந்தத்தை வெறும் பாணியாகக் கேட்க என்னால் முடிவதில்லை. ஆனால் ஸ்க்ரூவின் ஆற்றலை முழுக்க மருந்தின் மயக்கத்துக்குக் கொடுத்துவிடும் பேச்சும் அவருக்கு இழைக்கும் அநீதிதான்.

மெம்ஃபிஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கறுப்பின மக்கள் தாமே வீடு கட்டி வாழ்வதற்கென உருவான பழைய குடியிருப்புகளில் ஒன்றான ஆரஞ்ச் மவுண்டிலிருந்து வந்த எய்ட்பால் – எம்ஜேஜி இணை, 1993-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்திலிருந்தே பாலியல் தரகனின் வாழ்க்கையை நிதானமான குரலில் சொன்னார்கள். அந்த நிதானத்தில் சலிப்பும் கலந்திருக்கிறது. த்ரீ சிக்ஸ் மாஃபியா அதே நகரத்தின் அச்சத்தைப் பேய்ப்பட இசையாக மாற்றியது. 2006-இல் ஆஸ்கர் விருதும் பெற்றது.

நியூ ஆர்லியன்ஸ் வேறொரு விதத்தில் முக்கியமானது. 5 இலட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த அந்த நகரத்தில் 1994-இல் மட்டும் 400-க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. அரசு வாடகைக் குடியிருப்புகளான மேக்னோலியாவும் கலியோப்பும் பல பாடகர்களின் பிறப்பிடம். மேக்னோலியாவைச் சேர்ந்த ஜூவனைல் 1998-இல் பாடிய ‘ஹா’, தன்னைப் பற்றி எதுவும் சொல்லாமல், எதிரே நிற்பவனைப் பார்த்து ‘நீ’ என்றே முழுப்பாட்டையும் சொல்லிச் செல்கிறது: வழக்கு, வம்பு, புதுக் காலணி, பிள்ளையின் செலவு என்று அவனுடைய அன்றாடத்தை அடுக்கி, ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘ஹா’ என்று கேட்டு நிறுத்துகிறது. பாராட்டா கிண்டலா என்று பிரிக்க முடியாத அந்தத் தொனி, ஒருவரையொருவர் நன்கறிந்த ஒரே குடியிருப்பு மக்களுக்குள் மட்டுமே பேச முடிந்த தொனி. அதே மேக்னோலியாவிலிருந்து வந்த சோல்ஜா ஸ்லிம், 2003 நவம்பரில் தம் தாயின் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஜூவனைலோடு சேர்ந்து பாடிய பாட்டு மறு ஆண்டு நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது.

அட்லாண்டாவுக்கு வரும்போது காட்சி மாறுகிறது. 1995 ஆகஸ்டில் நியூயார்க்கில் நடந்த விருது விழாவில், சிறந்த புதிய குழுவாக அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் அறிவிக்கப்பட்டபோது அரங்கம் கூச்சலிட்டு எதிர்த்தது; தெற்குக்கும் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்று அக்குழுவின் ஆந்த்ரே அங்கேயே விடை சொன்னார். அவர்களுடைய தோழர்களான குடி மாப் குழு அதே ஆண்டு வெளியிட்ட ‘சோல் ஃபுட்’ ஆல்பத்தில் போதைப்பொருள் விற்றுப் பெரியவனானவனின் கதை அநேகமாக இல்லை. குடியிருப்பைச் சுற்றி எழும் இரும்புக் கதவுகள் நம்மைக் காக்கவா, அடைக்கவா என்ற ஐயமும், பெற்ற தாயைப் பற்றிய நெகிழ்ச்சியுமே அதில் நிறைந்திருக்கின்றன. 2003-இல் டி.ஐ. வெளியிட்ட ‘ட்ராப் மியூசிக்’ ஆல்பத்தோடு, போதைப்பொருள் விற்கும் வீட்டைக் குறிக்கும் ‘ட்ராப்’ என்ற சொல்லே ஓர் இசைவகையின் பெயராக நிலைபெற்றது. ஜீஸியும் குச்சி மேனும் அதை நாடெங்கும் கொண்டுபோனார்கள். இங்கே வீறாப்பு மேலெழுந்து குற்றவுணர்வு அடங்கிப்போனது என்பது உண்மைதான், ஆனால் டி.ஐ.-யின் அந்த ஆல்பத்திலேயே ‘பி பெட்டர் தேன் மீ’ என்று ஒரு பாட்டு, தெருமுனையில் நிற்கும் இளையவர்களை நோக்கி, என்னைப் போல் ஆகிவிடாதே என்று கெஞ்சுகிறது. பின்னால் வந்த ஃபியூச்சர் என்ற பாடகரிடம் சொற்கள் பணத்தைப் பேசிக்கொண்டிருக்க, இயந்திரத்தால் நெளிக்கப்பட்ட குரல் மட்டும் அழுதுகொண்டிருக்கும்.

இத்தனை பாடல்களிலும் பெண்கள் பெரும்பாலும் வசைக்கும் காமத்துக்கும் மட்டுமே உரியவர்களாக வருகிறார்கள் என்பதை மழுப்பக் கூடாது. தாய்க்கும் பாட்டிக்கும் மட்டும் விலக்கு உண்டு. காதலிக்கோ மனைவிக்கோ அது கிடைப்பது அரிது. நியூ ஆர்லியன்ஸின் மியா எக்ஸும், பதின்வயதிலேயே த்ரீ சிக்ஸ் மாஃபியாவில் சேர்ந்த கேங்ஸ்டா பூவும் அதே தெருவைப் பெண்ணின் வாயால் சொன்னவர்கள். அவர்களுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

இந்த வாக்குமூலங்களுக்கு நீதிமன்றம் தந்த விலையையும் சொல்ல வேண்டும், ஏனெனில் கேள்வியில் உள்ள குழப்பமே அங்கே சட்டச் சிக்கலாகிறது. நியூ ஆர்லியன்ஸ் பாடகர் மாக் ஃபிப்ஸ், 2000-ஆம் ஆண்டு ஓர் அரங்கில் நடந்த கொலைக்காகக் குற்றம் சாட்டப்பட்டார். வேறொருவர் தாமே சுட்டதாக ஒப்புக்கொண்டிருந்தும், அரசுத் தரப்பு அவருடைய இரு வேறு பாடல்களின் வரிகளை ஒட்டி நடுவர்களிடம் படித்துக் காட்டியது. அவற்றுள் ஒன்று வியட்நாம் போருக்குப் போய்வந்த அவருடைய தந்தையைப் பற்றியது. அன்றைய லூசியானா சட்டப்படி நடுவர்கள் பன்னிருவரில் பத்துப் பேர் ஒப்பினாலே போதும். அவ்வாறே தீர்ப்பாகி, 30 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்ற அவர், 2021-இல்தான் வெளியே வந்தார். அட்லாண்டாவில் 2022-இல் ராப் பாடகர் யங் தக் மீதும் அவரைச் சார்ந்தோர் மீதும் தொடுக்கப்பட்ட வழக்கிலும் பாடல் வரிகள் குற்றப்பத்திரிகையிலேயே இடம்பெற்றன. ஜார்ஜியா மாநில வரலாற்றில் மிக நீண்ட அந்த விசாரணையின் நடுவே, 2024 அக்டோபர் இறுதியில் அவர் சில குற்றங்களை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுதலையானார். பாட்டில் ‘நான்’ என்று பேசுகிறவன் பாடகனேதான் என்று கொள்ளும் இந்த வாசிப்பு, வேறு எந்த இசைவகைக்கும் இவ்வளவு எளிதாகப் பொருத்தப்படுவதில்லை. ‘நான்’ என்பது அந்த மரபில் தெருவில் கேட்டது, பார்த்தது, அஞ்சியது, செய்தது எல்லாம் கலந்த குரல். அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பாட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் 1991-இன் அந்த ஒற்றைப் பாட்டில் தொடங்கி, ‘தி டயரி’, ‘ரைடின் டர்ட்டி’, ‘சோல் ஃபுட்’ ஆகிய மூன்று ஆல்பங்களையும் முழுமையாக, வரிசை மாற்றாமல் கேட்பது நல்லது. அதற்குப் பிறகு ‘ட்ராப் மியூசிக்’ கேட்டால், எது தொடர்கிறது, எது விட்டுப்போனது என்பது தானாகத் தெரியும். டெக்சாஸ் உச்சரிப்பு நம் காதுக்கு எளிதில் பிடிபடாது என்பதால், முதன்முறை வரிகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கேளுங்கள். வானொலிக்காக வெட்டப்பட்ட பதிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள்.